பட்டாளத்துப் பின்வாசல்

மார்ச் 4

சின்னவனுக்கு, அப்பா சொல்ல மருந்துக்கடைக்காரம்மா எழுதுவது.

நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். தச்சுப் பட்டறை மூடி ஐந்து மாதம் ஆயிற்று, பட்டாளத்தில் சேரப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். அம்மா காதில் விழாமல் மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். பட்டாளத்துக்குப் போன பெரியவனைப் பெட்டியில் கொண்டுவந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லையடா.

பட்டாளத்தில் துப்பாக்கிக்காரன் மட்டுமா இருக்கிறான்? சமைக்கிறவன், துணி வெளுக்கிறவன், குழாய் பார்க்கிறவன், தச்சன் எல்லாரும் சிவிலியன்தான். நான் இருபத்தாறு வருஷம் அங்கே பாய்லர் பார்த்தேன். ஒருத்தனுக்கும் சல்யூட் அடித்ததில்லை. முன்வாசலுக்குப் போகாதே. அங்கே மார்பை அளப்பார்கள். காய்கறி லாரி நுழைகிற பின்வாசலுக்குப் போ. இடதுபக்கம் மூன்றாவது கதவு. அங்கே கையைப் பார்ப்பார்கள். உன் கை உளி பிடித்த கை. பெருக்குகிற வேலை கொடுத்தாலும் வாங்கிக்கொள். கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு வரியும் படி. எனக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை.

"இப்படி அழுதீங்கன்னா நான் எப்படி எழுதறது பெரியவரே?" என்கிறாள் இந்தம்மா. அதையும் எழுதச் சொன்னேன்.

அப்பா


மார்ச் 26

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சொன்ன கதவு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. தச்சு வேலை கிடைத்துவிட்டது. சீருடை இல்லை, கழுத்தில் ஓர் அட்டை மட்டும்.

முதல் பத்து நாள் அலமாரி, பெஞ்சு. சண்டை வலுத்த பிறகு பெட்டி. என்ன பெட்டி என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். நான் டேப்பை எடுத்ததும் மேஸ்திரி, "அளக்காதப்பா, எல்லாருக்கும் ஒரே அளவுதான்" என்றார். நேற்று பதினொன்று. ஒவ்வொன்றிலும் அண்ணன் படுத்திருக்கிறான்.

ஆள் எடுக்கிற அதிகாரி டீ குடிக்க வரும்போதெல்லாம், "பொட்டி அடிச்சே கெழவனாகப் போறியா? வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்தப் போடுடா" என்கிறார். போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். இதை அடிப்பதற்குத் துப்பாக்கி தூக்குவது மேல். மன்னித்துவிடுங்கள்.

சின்னவன்


மார்ச் 30

சின்னவனே,

உன்னை நான் கெஞ்சியதே இல்லை. இப்போது கெஞ்சுகிறேன். வெள்ளிக்கிழமை போகாதே.

பெரியவன் வந்த பெட்டியின் மூடியில் இருபத்திரண்டு ஆணி. எழுத்துத்தான் தெரியாது, எண்ணத் தெரியும். "ஒரே ஒரு தடவ மூஞ்சியக் காட்டுங்கய்யா" என்று உன் அம்மா கேட்டாள். பெட்டியோடு வந்தவர்கள் திறக்க உத்தரவு இல்லை என்றார்கள். நான் ஸ்குரூ டிரைவரை இடுப்பில் செருகி வைத்திருந்தேன். எல்லாம் ஆணி, திருப்புவதற்கு மூடியில் ஒரு திருகாணிகூட இல்லை. உன் அம்மா இன்றைக்கும் அவனுக்குத் தட்டு வைக்கிறாள். உள்ளே இருந்தது யாரோ என்கிறாள்.

நீ விட்டுவிட்டு வந்தால் வேறொருத்தன் ஆணி அடிப்பான். நீ மூடிக்குத் திருகாணி போடு. எவளாவது ஒருத்தி திறந்து பார்க்கட்டும். மேஸ்திரி கேட்டால் மரம் பிளக்கிறது என்று சொல்.

அப்பா


ஏப்ரல் 6

அப்பாவுக்கு,

வெள்ளிக்கிழமை முன்வாசலுக்குப் போகவில்லை. ஸ்டோருக்குத் திருகாணி கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

"ஆணிக்கு என்னப்பா?" என்றார் மேஸ்திரி.

"மரம் பிளக்குதுங்க."

பலகையைக் கையால் தடவிப் பார்த்தார். புதுப் பலகை, ஒரு கீறலும் இல்லை. வெகுநேரம் தடவினார்.

"ஆமா, பிளக்குது" என்றார்.

இன்று ஒன்பது. எல்லாம் திருகாணி.

சின்னவன்