படியிறங்கிப் போகும் ஜெபம்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் மாமா எழுதிக்கொள்வது. உங்கள் வீட்டுக் கடிதங்களில் மேலே ஒரு சிலுவை இருக்கும். இதில் இருக்காது, தேடாதே. மற்றபடி நலம். அந்த ஊர்க் குளிர் இன்னும் காதைக் கடிக்கிறதா, ஆஸ்பத்திரியில் உன் இரவு வேலை குறைந்ததா என்று எழுது.

என் கால் உடைந்ததைப் பற்றி உன் அம்மா போனில் என்ன சொன்னாளோ. ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டும்போது விழுந்தான் என்று சொல்லியிருப்பாள். அது ஸ்டூல் இல்லை, ஏணி. நல்ல உயரமான ஏணி. விழும்போதும் பல்பை உடையவிடவில்லை நான். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் அசந்துபோய், "என் சர்வீஸ்ல இப்படி ஒரு எலும்பைப் பார்த்ததில்ல, உடைஞ்சும் என்ன கம்பீரம்!" என்றார். ஏறத்தாழ அப்படித்தான் சொன்னார்.

இந்த நகரத்தில் பாதி லிப்ட் என் கை பட்டு ஓடியவை. அப்பேர்ப்பட்ட என்னை, லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். தூக்கியது உன் அம்மாவின் சபைக்காரர்கள்தான். ஒருவர் தச்சர், மற்றவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். வழியெல்லாம் நான்தான் உத்தரவு போட்டேன். நான் இல்லாவிட்டால் இரண்டாம் மாடி திருப்பத்தில் மாட்டியிருப்பார்கள்.

கட்டிக்கொண்டவள், பெற்ற பிள்ளை என்று எனக்கு யாரும் இல்லாததால், உன் அம்மா தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறாள். சமைக்கிறாள், உடம்பு துடைத்துவிடுகிறாள். அதற்கு மேல் செய்வதையெல்லாம் எழுத மாட்டேன், நீ நர்ஸ், உனக்கே தெரியும். மாலையில் தச்சர் வந்து என்னைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகுக்குப் பவுடர் போடுகிறார். சீட்டாட்டத்தில் அவர் தோற்கும்போதெல்லாம், "என்னய்யா, உங்க ஆண்டவர் ஒரு ஜோக்கர்கூட இறக்க மாட்டேங்கிறாரே" என்று கேட்டவன் நான். அவர் சிரிப்பார். இப்போதும் பவுடர் போட்டுக்கொண்டே, "என்ன அண்ணே, ஒரு ஆட்டம் போடுவமா" என்கிறார்.

நான் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளின் கதை உனக்கு நினைவிருக்கும். போதகரை வாசலிலேயே நிறுத்தி, "இந்தப் படிக்குள்ள சாப்பாடு வரலாம், சண்டை வரலாம், ஜெபம் மட்டும் வரக்கூடாது" என்று முழங்கினேன். அவர் ஒரு மணி நேரம் வாதாடி, வாயடைத்து, வியர்த்து ஓடினார் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். உன் நண்பர்களுக்கும் சொன்னேன், அதில் இரண்டு மணி நேரம். நடந்தது வேறு. அவர், "உங்க வீடு, உங்க இஷ்டம்ங்க" என்று சொல்லி, உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டு, கை கழுவிப் போனார். அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மா சமைத்து முடித்ததும் தட்டுகளை மூடி வைத்துவிட்டு, "இதோ வந்துட்டேன் தம்பி" என்று வெளியே போவாள். நெடுநேரம் கழித்து மூச்சு வாங்க ஏறி வந்து சாப்பாடு போடுவாள். கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் வம்பளக்கப் போகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அக்காவுக்கு என்னைவிட ஊர்க்கதைதான் பெரிது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன்.

போன வாரம் அந்தத் தையல்காரம்மா என் லுங்கியைத் தைத்து எடுத்துக்கொண்டு வந்தவள் கேட்டாள்: "அண்ணே, உங்காளுங்க தினமும் சைக்கிள் ஸ்டாண்டுகிட்ட வரிசையா நின்னு கண்ண மூடுறாங்களே, மேல யாராச்சும் போயிட்டாங்களான்னு தெருவுல கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்?" நான், "போகலன்னு சொல்லு, கத்துற சத்தம் கேக்கலயா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் முகம் மழிக்கும் கண்ணாடியை ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்துப் பார்த்தேன். நல்ல மழை. உன் அம்மா சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, இரண்டு சைக்கிளுக்கு நடுவில் நின்றிருந்தாள். அவளுக்கு ஜெபம் பண்ணாமல் ஒரு வாய் இறங்காது. என் வீட்டில் பண்ணக்கூடாது. ஆகவே ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் மூன்று மாடி இறங்கி, மூன்று மாடி ஏறுகிறாள், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. தச்சரும் வேன்காரரும் போகிறபோது அங்கேதான் நின்று எனக்காகக் கண்ணை மூடுகிறார்கள். ஒருத்தர்கூட என்னிடம் சொல்லிக் காட்டவில்லை, மாப்பிள்ளை. கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

நேற்று ஈரப்படியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். முட்டியில் நல்ல சிராய்ப்பு. "ஒண்ணுமில்ல, பூனை குறுக்க வந்துச்சு" என்றாள். நம் குடும்பத்தில் பொய் சொல்லத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அதன்பிறகு அவளைக் கூப்பிட்டு, "அக்கா, இனிமே கீழ போகாதே, இங்கேயே..." என்று ஆரம்பித்தேன். கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "தம்பி, நீயும் ஆண்டவர..." என்றாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், அவள் மிச்ச காலமெல்லாம் அதிலேயே வாழ்ந்துவிடுவாள். ஸ்டூலை ஏணியாக்கியவன், போதகரை ஓடவிட்டவன், எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. "இல்லக்கா, படி வழுக்குது, அதான்" என்றேன். அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது, இறங்குகிற சத்தம்.

ஆகையால் மருமகனே, நீ போனில் அவளிடம் பேசு. மாமா வீட்டுக்குள்ளேயே, மாமா கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஜெபம் பண்ணலாமாம் என்று சொல். மாமா மாறவில்லை, மாறவும் மாட்டார் என்றும் சொல். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடு, நடுவில் அவளுக்குச் சந்தோஷப்பட இடம் கொடுக்காதே. மாமா வெட்கப்படுகிறாரா என்று கேட்டால், தெரியாது, கால் வலிக்கிறதாம் என்று சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள், காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீயும் எனக்காக ஜெபிக்கிறாய் என்று உன் அம்மா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். குளிரில் நிற்காமல், உள்ளே உட்கார்ந்து செய்.

இப்படிக்கு,
உன் மாமா