அண்ணையின் மெசின் வாள் இறுகிய நாட்கள்

உ

1975 புரட்டாதி 17, வெள்ளி

காலையில் மப்பு. மழை இல்லை. அடுக்களைக்குப் பின்னால் விழுந்து கிடக்கும் வேம்பை மாரிக்கு முன் விறகாக்க வேண்டும்.

அந்த இடத்தில் இருந்தவர்கள்: நான். வேலிக்கு அந்தப்பக்கம் இவரின் தமக்கை பாக்கியம் மச்சாள். கட்டியிருந்த ஆடு. வேறொருவரும் இல்லை. இவர் வேலைக்கு, சங்கக்கடையில், கூப்பன் சீனி வந்த நாள்.

அண்ணையிடம் இரவல் வாங்கிய மெசின் வாளுக்குப் பெற்றோல் விட்டேன். மூன்றாம் இழுப்பில் பிடித்தது. இரண்டு துண்டு, வாழைத்தண்டு மாதிரி. பெற்றோல் முடிந்தது. தோட்டத்து வாட்டர் பம்புக்குச் செய்வதையே செய்தேன்: சூடேறியபின் மண்ணெண்ணெய். எண்ணெய்க்கென்று தனி மூடி இருந்தது. அண்ணை தந்த அரைப் போத்தலை முன்னமே அதில் விட்டிருந்தேன். மூன்று வருடமாய்ப் பம்பை இயக்குவது நான். ஒரு நாள் பிழைத்ததில்லை.

வெள்ளைப் புகை. பிறகு கீச்சென்று ஒரு சத்தம். நின்றது. கயிறு இழுபடவில்லை.

வெள்ளிக்கிழமையில் மரத்தில் கை வைத்தால் வேறென்ன நடக்கும் என்று மச்சாள்.

அண்ணை மாங்குளத்தில் மரம் வெட்டிப் பிழைக்கிறவர். ஐப்பசியில் காட்டுக்குள் இறங்க வேண்டும். இந்த வாள்தான் அந்த வீட்டுச் சோறு. "உன்னை நம்பித்தான் தாறன் தங்கச்சி. மச்சான் தொடக்கூடாது." அப்படிச் சொல்லித் தந்தது. நாலு வருடத்துக்கு முன் அண்ணையின் உழவு மெசினை இவர் தண்ணீர் பார்க்காமல் ஓட்டிக் கெடுத்தார். அன்றிலிருந்து இருவருக்கும் கதைபேச்சு இல்லை. இவர் அந்த வீட்டு வாசல் மிதித்ததில்லை.

இவர் வாளைத் தொடவில்லை. தொட்டது நான்.

18, சனி

புரட்டாதிச் சனி. விரதம். எள்ளெண்ணெய் எரித்தது. பிறகு புத்தூர்ச் சந்திக் கராஜ். நான் சாக்கில் சுற்றிக் கொடுத்த வாளை இவர் சைக்கிளில் கொண்டுவந்தார். சாக்கைத்தான் பிடித்தார், வாளில் கை படவில்லை.

பெற்றோலில் எண்ணெய் எவ்வளவு கலந்தீர்கள் என்று கராஜ்காரர் கேட்டார். கலக்கவில்லை, அதன் இடத்தில் விட்டேன் என்றேன்.

"அது சங்கிலி நனையிற எண்ணெய் அக்கா."

மண்ணெண்ணெய் விட்டதையும் சொன்னேன். தலையைச் சொறிந்தார். பம்பைப் போல் இதற்கு வயிற்றில் எண்ணெய் இல்லையாம். குடிக்கிற பெற்றோலோடுதான் எண்ணெயும் உள்ளே போக வேண்டுமாம், இருபது பங்குக்கு ஒரு பங்கு. நான் வறண்ட தொண்டையோடு ஓடவிட்டிருக்கிறேன். பிஸ்டன் உருகி ஒட்டியிருக்கும். புதிது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், இந்த நாளில் எது வருகிறது. விட்டுவிட்டுப் போங்கள், தையில் பார்ப்போம் என்றார்.

விட்டுவிட்டு வரவில்லை.

அண்ணைக்குத் தபாலட்டை: "வாள் நின்றுவிட்டது. திருத்துகிறோம்." யாருடைய கையில் நின்றது என்று எழுதவில்லை. அட்டையில் இடம் இருந்தது.

20, திங்கள்

நவராத்திரி ஆரம்பம். கும்பம் வைத்தது. கடலை அவித்தது. பின்னேரம் வாளைத் திறந்தேன்.

கொப்பியில் நடுக்கோடு. வரவு என்றால் கழற்றியது. செலவு என்றால் திரும்பப் பூட்டியது. முடிவில் மீதி இருக்கக்கூடாது.

வரவு:
மேல்மூடி ஆணி 3 (ஒன்று கட்டை)
கயிற்றுப் பெட்டி ஆணி 4
காற்று வடி 1, படுஅழுக்கு
காபரேட்டர், ஆணி 2
புகைக்குழாய், ஆணி 2 (ஒன்றின் தலை தேய்ந்தது, நான் தேய்த்தது)
பிளக் 1
சிலிண்டர் ஆணி 4
வாசர் 9

எல்லாம் சுளகில், கழற்றின ஒழுங்கில். மச்சாள் எட்டிப் பார்த்து, "என்ன, புழுக்கொடியலோ காயப்போட்டிருக்கிறீர்?"

சிலிண்டர் மட்டும் கழலவில்லை. பிஸ்டன் உள்ளே கடித்துக்கொண்டு நிற்கிறது. பிளக் துளையால் மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் பாதிக்குப் பாதி விட்டு ஊறவைத்தது.

22, புதன்

தூறல். அண்ணையின் அட்டை. தபாற்காரர் வாசித்திருக்கிறார், முகத்தில் தெரிந்தது.

"எப்படி நின்றது என்று எனக்குத் தெரியும். மச்சான் கை வைத்திருப்பார். அவர் கை பட்ட மெசின் மிஞ்சாது. ஐப்பசி ஐந்தில் ஆள் அனுப்புவேன். ஓடினாலும் ஓடாவிட்டாலும் கொடுத்துவிடு."

இவர் வாசித்தார். மேசையில் வைத்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"ஓம் எண்டு எழுதிவிடும். என்ரை பேரிலை ஏற்கெனவே ஒண்டு கிடக்கு. ரெண்டாய்ப் போகட்டும். உமக்கு இருக்கிறது ஒரு அண்ணை."

நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது வசதியாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

24, வெள்ளி

எண்ணெய் மாற்றி விட்டது. அசைவில்லை. இவர் சுத்தியல் கொண்டுவந்தார். ஒரு தட்டுத் தட்டினால் என்ன, சுத்தியல் தானே படும், கை படாதே என்றார். வேண்டாம் என்றேன். கொஞ்சம் உரத்துத்தான். இவரின் முகம் வாடிப்போனது. அண்ணையின் அட்டையை நானும் நம்புகிறேன் என்று ஆகிவிட்டது.

சொதிக்கு உப்புக் கூட. அதையும் சாப்பிட்டுவிட்டு எழும்பினார்.

27, திங்கள்

சரஸ்வதி பூசை. சாமியறையில்: புத்தகங்கள், இவரின் பேனை, அரிவாள், மண்வெட்டி, என் தையல் மெசின். ஸ்பானரும் பூசைக்குப் போனால் இன்று வேலை இல்லை. ஒரு நாளை விட மனமில்லை. மத்தியானம் வரை அதை ஒளித்து வைத்திருந்தேன். பிறகு வெட்கம் பிடித்தது. ஸ்பானரையும் வைத்து, வாளையும் திறந்த வயிற்றோடு அப்படியே வைத்தேன். சந்தனம், குங்குமம், ஒரு செவ்வரத்தை.

"செத்ததைச் சாமியறைக்கை வைக்கிறதோ?" என்று மச்சாள்.

"மயங்கிக் கிடக்கு, அக்கா. சாகேல்லை." வெள்ளிக்குப் பிறகு இவர் கதைத்தது அதுதான்.

தேவாரம் படித்தது. நான் நாலாம் வகுப்போடு நின்றவள். மிச்சத்தை அடுப்படியில் இருந்து, சாமான் சுற்றி வந்த கடதாசி பார்த்து நானாகப் பழகினேன். அப்படிக் கிடைத்த எழுத்தை வைத்துக்கொண்டு எழுத வேண்டியதை எழுதாமல் இருக்கிறேன்.

28, செவ்வாய்

விஜயதசமி. தோய்ந்து, பூசையில் இருந்தவற்றை எடுத்தது. வாளின் பக்கத்தில் கயிறு சுழற்றுகிற சில்லை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன்.

ஒரு விரற்கடை அசைந்தது.

நேற்று முழுக்க நான் நோண்டாமல் ஊறவிட்டதால் என்று நினைக்கிறேன். அம்மாளின் கருணை என்றும் நினைக்கிறேன். இரண்டும் இருக்கட்டும்.

தனியே இழுக்க முடியவில்லை. "இஞ்சாருங்கோ, வந்து பிடியுங்கோ."

இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "கொண்ணை தொடக்கூடாதெண்டவர் எல்லோ."

"நான் சொல்லுறன். பிடியுங்கோ."

அடிப்பாகத்தை அவர் பிடிக்க, சிலிண்டரை நான் ஆட்டி ஆட்டி இழுக்க, வந்துவிட்டது. பிஸ்டனின் ஒரு பக்கம் ஈயம் வழிந்தது போல. அதன் வளையம் பள்ளத்தோடு ஒட்டிக் கிடந்தது. பழைய பிளேட்டால், மயிரிழை மயிரிழையாய்க் கிளப்பினேன். இரண்டு மணித்தியாலம். முறியவில்லை. முருகா.

29, புதன்

சிலிண்டருக்குள் ஒட்டியதை மெல்லிய எமரிக் கடதாசியால் தேய்த்தது. குத்துவிளக்கு மினுக்குகிற வேலைதான். கண்ணை நம்பக்கூடாது, விரல் வழுக்க வேண்டும்.

அடியில் இருந்த கடதாசி வளையம் கிழிந்துபோயிருந்தது. கலண்டர் மட்டை சரியான தடிப்பு. அதில் இலட்சுமி. கத்தரிக்கோல் வைக்க மனம் வரவில்லை. இந்தக் கொப்பியின் பின்மட்டையை வெட்டினேன்.

எல்லாம் பூட்டிச் செலவு எழுதினால் வாசர் ஒன்று மீதி. திரும்பவும் பாதி கழற்றினேன். காபரேட்டருக்குப் பின்னால் போக வேண்டியது. இப்போது மீதி இல்லை. மரக்கறி வாங்க மறந்தது. பருப்பும் அப்பளமும்.

30, வியாழன்

நல்ல வெயில். பெற்றோல் இருபது கரண்டி, எண்ணெய் ஒரு கரண்டி, அதே கரண்டியால். பதினொரு தடவை இழுத்தேன். ஒன்றுமில்லை. உள்ளங்கையில் கொப்புளம். இவர் கடைக்குப் புறப்பட்டவர் நின்று பார்த்தார். கயிற்றை அவரிடம் கொடுத்தேன். யோசித்தார். வாங்கினார்.

இரண்டாம் இழுப்பில் இருமியது. நாலாவதில் ஓடியது.

ஆடு அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. மச்சாள் அதன் பின்னால், எங்கள் இருவரையும் திட்டிக்கொண்டு. இவர் சிரித்தார், பல் தெரிய. கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினேன். ஆறியபின் திரும்ப முடுக்கி வேம்பில் ஒரு துண்டு. சத்தம் முன்னையைவிடக் கரகரப்பு.

ஓடுவதற்கு முதல் எழுதியிருக்க வேண்டும். ஓடியபின் எழுதுவது சுலபம். என்றாலும் எழுத இருந்தேன். கடித உறை எடுத்துவிட்டுத் திருப்பி வைத்தேன். இவரின் பெயர் திறந்த அட்டையில் வந்தது, நான் செய்ததும் திறந்த அட்டையிலேயே போகட்டும்.

எழுதியதை இவர் வாசித்தார். இது தேவையில்லாத வேலை என்றார். வெளியே போய், சைக்கிள் வரை போய்த் திரும்பி வந்தார்.

"ஆளை அனுப்ப வேண்டாமெண்டு எழுதும். நானே கொண்டுபோறன்."

அட்டையின் பிரதி:

அன்புள்ள அண்ணைக்கு, வாளை இறுக்கியது நான். எண்ணெய் கலக்காமல் ஓட்டினேன், பிறகு மண்ணெண்ணெயும் விட்டேன். உங்கள் மச்சான் அந்நேரம் கடையில். முதல் அட்டையில் இதை எழுதாமல் விட்டது என் பிழை. நானே திறந்து பூட்டினேன், அவர் பிடித்துத் தந்தார். இன்று ஓடுகிறது. காட்டுக்குத் தாங்குமோ என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆள் அனுப்ப வேண்டாம். ஐப்பசி ஐந்து, புதன்கிழமை, மச்சான் லீவு எடுத்துக் காலை பஸ்ஸில் தானே கொண்டுவருகிறேன் என்கிறார். வீட்டுக்கு வரட்டுமோ, பஸ் நிற்கிற இடத்தில் தந்துவிட்டுத் திரும்பட்டுமோ? எதுவென்றாலும் எழுதுங்கோ. செவ்வாய்க்கு முதல் கிடைக்க வேண்டும். சுணங்காமல் பதில் போடுங்கோ.