சிங்கிள் பெட்டியில் புள்ளடி

அன்புள்ள பரிமளத்துக்கு,

எழுத்துகள் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஒரு வரி எழுத அரை மணி நேரம் ஆகிறது. ஆனால் இந்த முறை உன் தம்பியைக் கொண்டு எழுதிக்காமல் நானே எழுதுகிறேன்!

என்னிடம் அமெரிக்கப் பாஸ்போர்ட் இருப்பதால், ஜெர்மனியில் வுப்பர்டாலில் இருந்தாலும் அமெரிக்காவுக்கு வருடா வருடம் வரிப்படிவம் அனுப்ப வேண்டும். ஏழு வருடமாக அனுப்பவில்லை. அதனால்தான் உன் அமெரிக்க விசா நிற்கிறது.

நேற்று உன் தம்பி ஏழு படிவத்தையும் நிரப்பிக் கொண்டுவந்தான். "அத்தான், உங்களுக்கு விளங்காது. கையெழுத்தை மட்டும் வையுங்கோ" என்றான். கண்ணாடியைப் போட்டு எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஏழிலும் 'சிங்கிள்' என்ற பெட்டியில் 'X' என்று புள்ளடி! கல்யாணமே ஆகாதவனாம் நான்.

"அப்ப என்ரை மனுசி, உன்ரை கொக்கா, ஆரடா?" என்று கத்தினேன்.

"இப்பிடிப் போட்டால் வேலை சுகம், அத்தான். அக்கான்ரை விவரம் ஒண்டும் நிரப்பத் தேவையில்லை."

வெட்கம் கெட்டவன். ஏழு புள்ளடியையும் வெட்டி, உன் பெயரை நானே எழுதினேன்.  உன் பெயர் மட்டும் கோணவில்லை.

இனி நமக்கு அவன் எழுதித் தர வேண்டாம். அடுத்த கிழமைக் கடிதத்தையும் நானே எழுதுவேன்.

உன் மனுசன்