கம்பெனி பஸ் நின்றது

அடியே மகராசி,

ஃபோனில் நான் பேசினால் உனக்கு வெறும் காற்றுதான் கேட்கிறது. "ஹலோ, ஹலோ" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

பார்க்கின்சன் கையை நடுக்கியது போதாதென்று மூச்சையும் குரலையும் குறைத்துவிட்டது. அதற்காக ஆஸ்பத்திரியில் பட்ட பாட்டை விடு. நீ மகளின் பிரசவத்துக்குப் போனதிலிருந்து, மூச்சுப் பயிற்சிக்கென்று டாக்டர் கொடுத்த குழாயைத் தினமும் ஊதினேன்.

இன்று காலை நம் மருமகள் வேலைக்குப் போகும் ஒரகடம் கம்பெனி பஸ், அவள் ஏறுவதற்குள் கிளம்பிவிட்டது. அது யாருக்கும் நிற்காதே! வாசலில் நின்று, வயிறு முட்ட மூச்சை இழுத்துக் கத்தினேன்.

"யோவ், நிறுத்துய்யா!"

நின்றது. டீக்கடையே திரும்பிப் பார்த்தது. டிரைவர் தலையை நீட்டி, "இன்னா பெருசு, இம்மாம் சவுண்டு!" என்றான்.

கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. ஃபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடி.

இப்படிக்கு,
உன் சவுண்டு பார்ட்டி