முணுமுணு எடுத்த முதல் ஜோடி

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம், இந்த வாரம்தான் அதை மனசாரச் சொல்ல முடிகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இருக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை தங்கை போனில் இந்த வேலையே வேண்டாம் என்று அழுததை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பாய். நல்ல சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவள் வேலை நிலைத்துவிட்டது. இனி நடந்ததைக் கேள்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தின் ஒலியைப் பழக்க அவளுக்கு ஆறு மாதம் தவணை கொடுத்திருந்தார்கள். வியாழக்கிழமை மேற்பார்வையாளர் வந்து பார்ப்பார், பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்றால் இவள் வீட்டுக்குப் போகலாம், அதுதான் பேச்சு. அதற்காக இவள் அட்டை விளையாட்டு வைத்திருந்தாள். ஒரு அட்டையில் 'ம', இன்னொன்றில் மரத்தின் படம், இப்படி இருபது ஜோடி. எல்லாவற்றையும் கவிழ்த்துப் பரப்பி, இரண்டிரண்டாகத் திருப்பி, ஒலி பொருந்தினால் எடுத்துக்கொள்ளலாம். அட்டை வெட்டியது சாட்சாத் உன் அப்பன். அச்சகத்தில் மிஞ்சிய பல ரகத் துண்டுகளை எடுத்து, அளவு பிசகக் கூடாதென்று ஒவ்வொரு ஜோடியையும் ஒரே துண்டிலிருந்து வெட்டினேன். முப்பது வருஷம் வெட்டும் மெஷினில் நின்றவன் அல்லவா, அந்தத் திமிர். பிள்ளைகள் பட்பட்டென்று ஜோடி சேர்த்தார்கள், தங்கைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு பெண்பிள்ளைதான் எப்போதும் கடைசி. உதட்டுக்குள் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பதால் வகுப்பில் அவளுக்கு முணுமுணு என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மா விளையாடிப் பார்த்தோம். கண்ணாடி இல்லாவிட்டால் உன் அம்மா என்னையே யாரென்று கேட்பாள். அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பதினான்கு ஜோடி அள்ளினாள், எனக்கு மூன்று! ஏமாத்துறியா என்று கேட்டால், இதுல என்ன ஏமாத்து, ஒரு ஜோடி வழவழன்னு இருக்கு, ஒரு ஜோடி சொரசொரன்னு இருக்கு, தடவுனா ஜோடி தானா வருது என்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளைகளும் இத்தனை நாள் எழுத்தைப் பார்க்கவேயில்லை, அட்டையின் முதுகைத் தடவித்தான் ஜெயித்திருக்கிறார்கள். தங்கை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டியிருந்தாலாவது தேவலை. அப்புறம்தான் உனக்கு அந்த போன்.

மறுநாளே முதலாளியிடம் கேட்டு ஒரே ரக அட்டை வாங்கி எல்லாவற்றையும் புதிதாக வெட்டினேன், தங்கை வரைந்தாள், அம்மா வண்ணம் அடித்தாள். வியாழன் காலை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, திரும்பி வர மனசில்லாமல் வகுப்பு ஜன்னலோரம் நின்றேன். மேற்பார்வையாளர் அம்மா நோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகள் தடவுகிறார்கள், முழிக்கிறார்கள், ஒரு ஜோடிகூடச் சேரவில்லை. தங்கை முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. முணுமுணுவின் முறை வந்தது. ஒரு அட்டையைத் திருப்பினாள், 'ம'. உதட்டை மூடி ம்ம்ம் என்று இழுத்தாள். சற்றுமுன் யாரோ திருப்பிப் பார்த்த மரம் எங்கே கிடந்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, நேராகப் போய் எடுத்தாள். அடுத்தது, அதற்கடுத்தது என்று ஐந்து ஜோடி! பக்கத்துப் பிள்ளை அவள் வாயையே பார்த்துவிட்டுத் தானும் சொல்லிப் பார்த்தது, மணி அடிப்பதற்குள் வகுப்பே முணுமுணுத்தது. பிள்ளைங்க இன்னும் தடுமாறுறாங்க, ஆனா காதால கேட்டு எடுக்குறாங்க, நீங்களே சொல்லிக்கொடுங்கம்மா என்று அந்த அம்மா கையெழுத்துப் போட்டார். ஜன்னலோரம் நான் விட்ட பெருமூச்சு உள்ளே கேட்டிருக்கும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் நீயும் அப்படித்தான், வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் படிப்பாய். வாயை மூடிட்டுப் படிடா மந்தம் என்று எத்தனை தடவை அதட்டியிருப்பேன். நீ மூடிக்கொண்டாய், அதற்குப் பிறகு என் முன்னால் புத்தகத்தைத் திறந்ததே இல்லை. அந்தப் பிள்ளையைப் பார்த்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. தப்பு என்னுடையதுடா கண்ணா.

உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இருப்பாய். இருமலுக்கு டாக்டரைப் பார்த்தாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள், மறக்காமல் பதில் போடு. இந்தக் கடிதத்தை முணுமுணுத்துக்கொண்டே படி, யாரும் அதட்ட மாட்டார்கள்.

உன் அப்பா