கடலுக்குப் போகிறவளுக்கு

அப்புத்தளை
14.09.2003

அன்பு சக்திக்கு,

கணபதி எழுதிக்கொள்வது. நானும் தயாளினியும் நல்லபடியாக இருக்கிறோம். லண்டன் குளிர் தொடங்குகிற நேரம் நீயும் டொக்டர் ஐயா வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கவேண்டும் என்று மாரியம்மாளைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதிலைக் காணோம் என்று கோபித்திருப்பாய். போனில் பேசியிருக்கலாம். ஆனால் டவுன் போன் கடையில் எனக்குப் பின்னால் நாலு பேர் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால், "சரி சரி, வைக்கிறேன்" என்பதைத் தவிர எனக்கு எதுவும் வராது என்று உனக்குத் தெரியும். அதோடு இது போனில் பேசி முடிக்கிற விஷயமும் இல்லை.

படித்தவுடன் எனக்குக் கோபம்தான் வந்தது. தைப் பொங்கலுக்கு நீ லீவில் வருவாய் என்று நானும் பிள்ளையும் காத்திருக்கிறோம். நீயோ, கமலாதேவி அம்மா டொக்டர் ஐயாவோடும் பிள்ளைகளோடும் மார்கழியில் கரீபியன் தீவுகளுக்குப் போகப்போகிறார், அங்கே ஒரு பாய்க்கப்பலை வாடகைக்கு எடுத்துத் தீவு தீவாகச் சுற்றப் போகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள், போனால் என் லீவு சித்திரைக்குத் தள்ளிப்போகும் என்று எழுதியிருக்கிறாய். "நீ வேலைக்கெண்டு வரவேண்டாம் சக்தி, எங்களோட ஒரு ஆளா வா" என்று அம்மா சொன்னாராம். அம்மா நல்ல மனுஷிதான். டொக்டர் தர்மராசா பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவர்கள் குவாட்டர்ஸில் நீ சமைத்த காலத்திலிருந்து எனக்குத் தெரியும். ஆனால் கப்பலில் யார் சமைப்பார்கள் என்று மட்டும் அம்மா சொன்னதாக நீ எழுதவில்லை.

"நீங்க வேணாம்னு சொன்னா பொங்கலுக்கே வந்துடுறேன்" என்று முடித்திருந்தாய். அதற்குப் பிறகு இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கி, "எனக்கு ஆசையாத்தான் இருக்கு" என்று ஒரு வரி. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நீ உனக்கென்று ஆசை என்று எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தவன் கையை அந்த வரிதான் பிடித்துக்கொண்டது.

டொக்டர் ஐயா மகன் யதுர்ஷன் தம்பி வரைந்து அனுப்பிய கப்பல் படத்தைத் தயாளினி நம் வீட்டுக் காம்பராச் சுவரில் ஒட்டிவிட்டாள். பள்ளிக்கூட அட்லஸில் நீங்கள் போகும் வழியையும் தேடிப் பிடித்தாள். அன்டிகுவாவில் ஏறி, கீழே கீழே வந்து, கிரெனடாவில் இறங்குவது. பார்த்தால் அந்தத் தீவுகள் சல்லடையிலிருந்து சிந்திய தேயிலைத் தூள் மாதிரி இருக்கின்றன. அவ்வளவு தண்ணீருக்கு நடுவில் அந்தத் தூளை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? தயாளினிக்கு வேறு கேள்வி. "காத்து நின்னுட்டா பாய்க்கப்பல் என்னப்பா செய்யும்?" நான் தேயிலை ஸ்டோரில் வேலை நேரத்தில் விசாரித்தேன். கிளாக்கர் ஐயா அரை மணி நேரம் விளக்கினார். அவருக்கும் தெரியாது என்று கடைசியில்தான் எனக்குப் புரிந்தது.

கடலைத் தெரியாமல் உனக்கு எப்படிப் பதில் சொல்வது? நம் மேல்மலையில் நின்றால் வெளிச்ச நாளில் தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரியுமே, நீ கொழுந்து பறிப்பதை நிறுத்திவிட்டு அதையே பார்த்து நிற்பாய், கங்காணி சத்தம் போடுவார். அவ்வளவுதான் எனக்கும் கடல். அதனால் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன். இப்போது சண்டை நின்றிருப்பதால் ரோட்டில் செக்கிங் தொல்லையும் இல்லை. மரக்கறி லொறி நிஸாம் பொத்துவிலுக்குப் போகும்போது பள்ளிக்கூட லீவில் இருந்த பிள்ளையையும் என்னையும் ஏற்றிக்கொண்டான். கொஸ்லந்தை, வெல்லவாய, மொனராகலை என்று லீக்ஸ் மூட்டைகளோடு இறங்கினோம். இறங்க இறங்க வெயில். நான் சுவெட்டரோடு போனதைப் பார்த்து மொனராகலையில் தேத்தண்ணிக் கடைக்காரன் சிரித்தான்.

பொத்துவிலை அடுத்த அருகம்பையில் நிஸாமின் மச்சான் அஸீஸ் மீன் பிடிக்கிறவர். எங்களைப் படகில் ஏற்றிக் கொஞ்சத் தூரம் கொண்டுபோனார். சக்தி, கடலும் நம் மலை மாதிரிதான் இருக்கிறது. மேடும் பள்ளமும்தான். ஆனால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது! கரை தெரியும் தூரத்திலேயே எனக்குக் காலையில் சாப்பிட்ட ரொட்டி வெளியே வந்துவிட்டது. பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படகுக்குள்ளேயே படுத்துவிட்டேன். உன் மகள் என்ன செய்தாள் தெரியுமா? முன்னால் போய் உட்கார்ந்து, முகமெல்லாம் உப்புத் தண்ணி தெறிக்க, சிரியோ சிரி என்று சிரிக்கிறாள். காற்று நின்றால் என்ன செய்வது என்று அஸீஸிடமும் கேட்டாள். "நாமளும் நிக்கிறதுதான். சோறு இருந்தாத் தின்னுட்டுப் படுக்கிறதுதான்" என்றார் அவர்.

இனி எழுதப்போவதைப் படிக்குமுன் உட்கார்ந்துகொள். பயப்பட ஒன்றுமில்லை.

திரும்பி வரும் வழியில் பிள்ளை ஓரமாகச் சுருண்டுகொண்டாள். வயிறு வலிக்கிறது என்றாள். என்னைப் போலவே கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, கடையில் சோடா வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. லொறியைவிட்டு இறங்கவும் மாட்டேன் என்றாள். கொஞ்ச நேரத்தில் என் சுவெட்டரை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, "அப்பா, அம்மாவோட பேசணும்" என்று அழத் தொடங்கினாள். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. நிஸாமுக்கு மூன்று பெண் பிள்ளைகள். அவனுக்கு விளங்கிவிட்டது. எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "வீடு பக்கத்திலதான் அண்ணே, ஒரு எட்டுப் போயிட்டுப் போவம்" என்று லொறியை மொனராகலையில் தன் வீட்டுக்குத் திருப்பினான்.

ஆமாம் சக்தி, நம் பிள்ளை பெரிய பிள்ளையாகிவிட்டாள்.

நிஸாமின் மனைவி அவளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். குளிக்க வைத்து, தன் மூத்த மகளின் புதுச் சட்டையைப் போட்டுவிட்டு, சூடாகச் சோறு போட்டு ஊட்டியும் விட்டிருக்கிறார். நான் வெளியே ஒரு பலா மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதில் நம் பிள்ளையின் குரலும் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்த அம்மா வாசலுக்கு வந்து, "யோசிக்காதீங்க, எங்கட புள்ளைதான்" என்றார். நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. நிஸாம் டயரைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் நம் லயத்துப் பெரியாயி அக்கா வந்து தண்ணீர் ஊற்றினார். ஹாலிஎலயிலிருந்து உன் அண்ணன் கந்தப்பன் வந்து குடிசை கட்டினார். தாய்மாமன் சீராகப் பாவாடை சட்டை கொண்டுவந்தார். நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்து அக்கா அவளைப் படாத பாடு படுத்துகிறார். லயத்தில் எல்லோரும் உன்னைத்தான் கேட்கிறார்கள்.

இதை உனக்கு எழுதக்கூடாது என்று தயாளினி என்னிடம் சத்தியம் வாங்கினாள். "சொன்னா அம்மா எல்லாத்தையும் விட்டுட்டு வந்துருவாங்க. நான் கடல்ல போயிட்டேன்பா. அம்மா இன்னும் போகல" என்கிறாள். பன்னிரண்டு வயதில் இப்படிப் பேச இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நானும் சரி என்றுதான் சொன்னேன். ஆனால் ஊரெல்லாம் அறிந்த செய்தி பெற்றவளுக்கு மட்டும் தெரியாமல் இருக்கக்கூடாது. அவள் என்னைத் திட்டினால் திட்டட்டும்.

என் பதில் இதுதான். நீ போ. பெரிய சடங்கைச் சித்திரையில் நீ வந்தபிறகு வைத்துக்கொள்வோம் என்று அக்காவும் ஒத்துக்கொண்டார். உன் மனது கேட்காவிட்டால் பொங்கலுக்கே வந்துவிடு, யாரும் குறை சொல்லமாட்டோம். ஆனால் எங்களுக்காகத்தான் ஆசையை விட்டாய் என்று இருக்கவேண்டாம்.

கப்பலில் காலடியையே குனிந்து பார்க்காதே, தூரத்தில் பார். இஞ்சி கொண்டு போ. நீந்தத் தெரியாது என்பதைக் கப்பல்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடு, வெட்கப்படாதே. மிதக்கிற ஜக்கெட்டைத் தூங்கும்போதும் கழற்றாதே. யாராவது சமைத்துப் போட்டால் எழுந்து உதவிக்கு ஓடாமல் உட்கார்ந்து சாப்பிடு.

போயிட்டு வா, சக்தி.

உன்
கணபதி

அப்புத்தளை
08.02.2004

அன்பு சக்திக்கு,

உன் கடிதமும் போட்டோக்களும் நேற்றுக் கிடைத்தன. நல்லபடியாக லண்டன் திரும்பினாய் என்று படித்ததும் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன்.

என் கடிதத்தைப் பார்த்து நீ அழுது, கப்பலுக்கு வரப்போவதில்லை என்று சொல்லி, கமலாதேவி அம்மா போன் கடைக்கே எடுத்து, "கணபதி, உம்மட மனுசியை நான் பத்திரமாக் கொண்டுபோய்ப் பத்திரமாக் கொண்டருவன், நீர் மகளை விட்டு ஒருக்காக் கதைக்கச் சொல்லும்" என்று கேட்டதையெல்லாம் இன்னும் கடைக்காரர் கதையாகச் சொல்கிறார். தயாளினி உன்னோடு என்ன பேசினாள் என்று இதுவரை எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு, "அம்மா போறாங்க" என்று மட்டும் சொன்னாள்.

போட்டோவில் டொக்டர் ஐயா மகள் ஆர்த்திகா பிள்ளையின் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தலைமுடி பறக்க, சிவப்பு ஜக்கெட்டோடு நிற்கிறாயே, அதைப் பார்த்துப் பெரியாயி அக்கா, "யாருடா இந்தத் தொரசாணி?" என்று கேட்டார். ஸ்டோரில் எல்லோருக்கும் காட்டினேன். கிளாக்கர் ஐயா மட்டும் கப்பலைப் பார்த்து ஏதோ விளக்க வந்தார், நான் நழுவிவிட்டேன். அந்தக் கப்பலுக்கும் இன்ஜின் இருக்கிறது, காற்று நின்றால் அதைப் போட்டுவிடுவார்கள் என்று நீ எழுதியதில் தயாளினிக்குத்தான் பெரிய ஏமாற்றம். அஸீஸ் சொன்னதே நன்றாக இருந்தது என்கிறாள்.

முதல் இரண்டு நாளும் நீ தலை தூக்க முடியாமல் கிடந்ததையும், அம்மாவே கஞ்சி வைத்து உன்னைப் பிடித்து உட்காரவைத்துக் குடிக்க வைத்ததையும் படித்தேன். கப்பலில் யார் சமைப்பார்கள் என்று நான் எழுதியதை அவரிடம் சொல்லிவிடாதே.

தீவுகளைப் பற்றி எழுதியிருந்தாய். மலையும், வாழையும், மழையும் நம் பக்கம் மாதிரியே இருந்ததாம், தேயிலை மட்டும்தான் இல்லையாம். அதையெல்லாம் பிள்ளைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஒரு இடத்தை மட்டும் மனதுக்குள் படித்தேன். ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் கப்பலின் முன்பக்கம் போய்க் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாய் என்றும், இருட்டும்வரை அங்கேயே இருந்தாய் என்றும், "அவ்வளவு நேரமும் யாரும் என்னைக் கூப்பிடல" என்றும் எழுதியிருந்தாயே, அந்த இடம். எட்டு வயதில் தம்பியைத் தூக்கிக்கொண்டு, தோட்டத்தில் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடியவள் நீ. பிறகு விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு, கொழுந்து, எங்கள் வீடு, டொக்டர் ஐயா வீடு. உன்னை எந்நேரமும் யாராவது கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறோம். நீ போனது நல்லது. நானே போனது மாதிரி இருந்தது. வாந்தி இல்லாமல்.

சித்திரை மாதம் சடங்குக்கு நாள் பார்த்தாகிவிட்டது. நிஸாம் குடும்பத்தோடு வருகிறான். மூத்த மகளின் சட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த அம்மா வாங்க மாட்டேன் என்றுவிட்டார். நீ வந்ததும் அவர்களுக்கு ஏதாவது நாமே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.

டொக்டர் ஐயா இன்னும் இரண்டு வருஷம் இருக்க முடியுமா என்று கேட்டதாகக் கடைசியில் எழுதியிருக்கிறாய். நீ என்ன சொன்னாய் என்று எழுதவில்லை. நான் என்ன சொல்கிறேன் என்று இந்த முறை கேட்கவும் இல்லை. அதனால் நானும் அதைப்பற்றி எழுதவில்லை. இங்கே பனி அதிகம். கூரைத் தகரம் இரண்டை மாற்றினேன். உன் கறிவேப்பிலை மரம் துளிர்த்திருக்கிறது.

சடங்குக்குச் சட்டை அங்கேயே தைத்துக்கொண்டு வருவதாகவும், பிள்ளையின் அளவை எழுதி அனுப்பும்படியும் கேட்டிருந்தாய். பெரியாயி அக்கா டேப்போடு வந்தார். தயாளினி நிற்க மாட்டேன் என்றுவிட்டாள். அக்கா சத்தம் போட்டும் பார்த்தார். நான் பிள்ளையை வற்புறுத்தவில்லை. நீ போகும்போது என் இடுப்புக்கு இருந்தவள் இப்போது என் தோளுக்கு வந்துவிட்டாள், மாதத்துக்கு மாதம் மாறுகிறாள். நான் இன்றைக்கு எழுதுகிற அளவு உன் கைக்கு வரும்போது சரியாக இருக்காது.

துணியை மட்டும் வாங்கி வா. அளவை நீயே வந்து எடு.

மாரியம்மாள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வாசலைப் பார்த்திருக்கும்,
கணபதி