முதல் சிரிப்புக்கு உப்பு

ஜூன் 4

காலையில் நீலச்சோளக் கஞ்சி, காப்பி. உப்பு போடவில்லை. மத்தியானம் ரொட்டி. அவ்வளவுதான்.

"எழுதத் தெரியாட்டி என்ன பெரியவரே, தினமும் சாப்பிட்டதை இதுல சொல்லி வைங்க, சிவப்புப் பொத்தானை அமுக்கினா போதும்" என்று குரல் பதியும் இந்தக் கருவியைக் கையில் கொடுத்த நர்ஸ் ஊர் மாறிப் போய்விட்டாள். இதைத் திருப்பிக் கேட்பாரில்லை. தேதியை வானொலிக்காரன் சொல்லிவிடுகிறான். மீதியை நான் சொல்கிறேன். எழுத்து படியாதவனுக்கு நாக்குதான் பேனா.

சிக்னலுக்காக மேட்டில் ஏறினேன். வெர்லிண்டா ஃபீனிக்ஸிலிருந்து பேசினாள். புருஷன், மூன்று பிள்ளைகள் எல்லாரும் கோடை விடுமுறைக்கு இந்தப் பக்கம் வருகிறார்களாம். கல், பள்ளத்தாக்கு, எல்லாம் சுற்றிப் பார்க்க.

"வில்லா சிரிச்சாளா?" இதைத்தான் முதலில் கேட்டேன். பேத்திக்கு நாலு மாதம்.

பிள்ளைகளை அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டுத்தான் பேசினாள். "சத்தமா இன்னும் இல்லப்பா."

இறங்கும்போது முழங்கால் வலியே தெரியவில்லை.

ஜூன் 6

வில்சன் வந்தான், என் அத்தை மகன். காப்பி குடிக்க வந்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"நாலு மாசமாச் சிரிக்கலையா? தினமும் அப்பன் மூஞ்சியத்தான பாக்குது மச்சான், எப்படிச் சிரிக்கும்?"

"நீ அது பக்கமே வரக்கூடாது. வந்து பல்லைக் காட்டினே, பல்லு இருக்காது."

"இருக்கிறதே ரெண்டு. அதையும் நீயே வச்சுக்க."

விளையாட்டில்லை. எங்கள் ஜனங்களில், குழந்தையை யார் முதலில் சத்தமாகச் சிரிக்க வைக்கிறார்களோ, அவர்கள் குணம் அதற்கு ஒட்டும். வில்சனைச் சிரிக்க வைத்தவன் கடைக்காரன் – காசைக் குலுக்கிக் காட்டி. அதனால்தான் இவன் இன்னொருவன் வீட்டுக் காப்பியில் வாழ்கிறான். வெர்லிண்டாவைச் சிரிக்க வைத்தவன் என் மைத்துனன், கழுதையிலிருந்து விழுந்து. இடுப்பைப் பிடித்துக்கொண்டே விருந்து போட்டான். சிரிக்க வைத்தவன் ஆடு அடிக்க வேண்டும். வந்தவர்களுக்கெல்லாம் குழந்தையின் கையால் உப்பு கொடுக்க வேண்டும். அப்போதுதான் அது கொடுக்கிற கையாக வளரும்.

இந்தப் பக்கத்தில் யாரை யார் சிரிக்க வைத்தார்கள் என்று என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள். செத்தவர்கள் பேரைச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் எப்படிச் சிரித்தார்கள் என்பது உள்ளே இருக்கிறது.

பேரப்பிள்ளைகளில் மூத்தவை இரண்டையும் சிரிக்க வைத்தவள் என் வீட்டுக்காரி. இந்தக் குழந்தை வருமுன்னே போய்விட்டாள். இது எனக்குத்தான் – வேறு யார் இருக்கிறார்கள்?

ஜூன் 9

உப்புப் பையைத் தேடி எடுத்தேன். தெற்கே உப்பு ஏரிக்கு என் வீட்டுக்காரியும் நானும் போய்க் கொண்டுவந்தது. கல் உப்பு, கொஞ்சம் சிவப்போடியிருக்கும். முடிச்சு அவள் போட்டது. அவிழ்க்கவில்லை.

வெள்ளைக் காது கிடாயை ஒதுக்கி வைத்தேன்.

ஜூன் 11

காற்று. ஒரே மண். ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு. கண்ணாடியில் முகத்தைக் கோணலாக்கிப் பார்த்தேன். ஆடுகூடச் சிரிக்காது.

ஜூன் 14

வந்தார்கள். பாதி வீடு அளவுக்கு ஒரு வாடகை வண்டி. உள்ளேயே படுக்கை, அடுப்பு, கக்கூஸ். மருமகன் டாரல் இறங்கியதும் கையை நீட்டி, "எப்படி இருக்கீங்க, கீ?" என்றான். இத்தனை வருஷமாகப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறான். மாமா என்று ஒரு சொல் இருப்பது அவன் பக்கத்து மனிதர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. அடிக்கடி சொன்னால் பேர் தேய்ந்துபோகும் என்பார்கள் எங்களில். பேரைத் தேய்க்காதே என்று நானும் சொன்னதில்லை.

ஹேஸல் வளர்ந்துவிட்டாள், முன்பல் இரண்டு போயிருக்கிறது. ரோவன் ஆட்டைப் பார்த்துப் பயப்படுகிறான். என் பேரன், ஆட்டைப் பார்த்து!

வில்லா என் முகத்தையே பார்த்தாள். நான் மூச்சுவிடவில்லை. கொட்டாவி விட்டாள்.

இங்கே தங்கப் போவதில்லையாம். "வண்டி நிறுத்தற இடம் எல்லாம் முன்னாடியே சொல்லி வச்சாச்சுப்பா. நீயும் எங்களோட வாயேன். திரும்பி வர்ற சனிக்கிழமை இங்கதான்" என்றாள். ஒரு வாரம் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து வரலாம். ஆடுகளை வில்சனிடம் ஒப்படைத்துவிட்டு ஏறினேன்.

ஜூன் 15

செங்குத்தாக நிற்கிற பெரிய கற்களைப் பார்க்கச் சீட்டு வாங்கினான் டாரல். சின்ன வயதில் ஆடு தொலைந்தால் நான் திட்டிக்கொண்டே தேடிய இடம். அங்கே வரிசையில் நின்றோம்.

"இதுவும் கல்லுதானாம்மா?" என்றான் ரோவன்.

"இது வேற கல்லுடா. வாயை மூடிட்டுப் பாரு."

ஹேஸல் எந்தப் பக்கம் பாறை அதிகம் என்று கேட்டாள். உதட்டைக் குவித்து வடக்கைக் காட்டினேன். விரல் நீட்டுவது மரியாதையில்லை. டாரல் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். தனக்கு முத்தம் கொடுப்பதாக நினைத்துக் காதுவரை சிவந்துபோனான். ஹேஸல் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பெட்ரோல் பங்க்கைக்கூட உதட்டால்தான் காட்டினாள்.

வில்லா சிரிக்கவில்லை. தொப்பியைக் கவிழ்த்தேன், நாக்கைச் சுழற்றினேன், ஓநாய் மாதிரி ஊளையிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். இவள் ஒரு நீதிபதி.

டாரல் ஏதோ சொன்னான். வெர்லிண்டா அவனை முறைத்தாள்.

ஜூன் 16

குகைக்குள் கட்டிய பழைய வீடுகள். செத்தவர்கள் வீடு, நாங்கள் கிட்டே போகக்கூடாது. நான் வண்டியைவிட்டு இறங்கவில்லை, முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

வில்லாவைத் தூக்கிக்கொண்டு சுவருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தான் டாரல். வெர்லிண்டா தடுக்கவில்லை.

"ஒரு படம்தானேப்பா."

"ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

தெரிந்திருந்தும் செய்கிறவளை என்ன செய்வது? அவள் கழுத்தில் இன்னும் அம்மா கொடுத்த நீலக்கல். அது மட்டும் இருக்கிறது.

இரவு கடையில் வாங்கிய கோழி. உப்பு அதிகம்.

ஜூன் 17

இதை எப்படிச் சொல்ல – முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காலையில் அது நல்லதாகத்தான் இருந்தது.

வண்டி நின்றிருந்தது. கதவைத் திறந்ததும் மண் மூக்கில் ஏறியது. தும்மினேன். தொப்பி பறந்து காப்பியில் விழுந்தது. வில்லா சிரித்தாள். தொட்டி நிரம்பிக் கொட்டுகிற மாதிரி வயிறு குலுங்கச் சத்தமாக! இன்னொரு தரம் பொய்த்தும்மல் போட்டேன். இன்னும் சிரித்தாள்.

நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். வெர்லிண்டாவும் அழுதாள். "நீதான்பா, நீதான் சிரிக்க வச்சே" என்றாள். உடனே அவள் ஃபோனில் வில்சனைக் கூப்பிட்டேன். வெள்ளைக் காது கிடா, சனிக்கிழமை, எல்லாரையும் கூப்பிடு. "ஒன் ஆடுதானே மச்சான், ஊரையே கூப்பிடறேன்" என்றான்.

பிறகு ஹேஸல் என் மடியில் வந்து சாய்ந்தாள். "தாத்தா, ஏன் அழறீங்க? அவ தினமும் சிரிப்பாளே. நாய் படம் காட்டினாலே சிரிப்பா. உங்க முன்னாடி சிரிக்க வைக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கா."

வெர்லிண்டா பால் புட்டியை மூடிக்கொண்டிருந்தாள். மூடி சேரவே இல்லை. சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"எப்போ?" என்றேன்.

"போன மாசம்."

"யாரு?"

புட்டியைத் திருப்பித் திருப்பித் துடைத்தாள்.

"யாருன்னு கேட்டேன்!"

"தெரியாதுப்பா! காப்பகத்துல. நான் வேலையில இருந்தேன். 'இன்னைக்கு உங்க குழந்தை சத்தமாச் சிரிச்சுது'ன்னு படத்தோட சேதி வந்தது. யார் சிரிக்க வச்சாங்கன்னு போய்க் கேட்டேன். அங்க நாலு பேர் வேலை பாக்கறாங்க. 'கவனிக்கலயே, ஏன் கேக்கறீங்க'ன்னாங்க. என்னன்னு சொல்றது அவங்ககிட்ட?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"ஒனக்காகத்தான் சொல்லல. அம்மாவும் இல்ல. நீயாவது... நீ சிரிக்க வச்சதா இருக்கட்டும்னு நெனைச்சேன்."

நெனைச்சாளாம். எனக்குப் பிச்சை போட்டிருக்கிறாள். ஒரு தும்மலுக்குக் கிழவன் அழுததைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று நாள் நாக்கைச் சுழற்றினேனே, ஊளையிட்டேனே, எல்லாரும் தெரிந்துதானே பார்த்துக்கொண்டிருந்தார்கள்! நான் என்ன திருவிழாக் கோமாளியா? அஞ்சு வயசுப் பையன்கூட வாயை மூடிட்டு இருந்திருக்கான்...

சாப்பிடவில்லை. இதையும் சொல்லி வைக்கிறேன்.

ஜூன் 18

பெரிய பள்ளத்தாக்கு. எல்லாரும் விளிம்பில் நின்று ஆ என்றார்கள். நான் வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தேன். பள்ளம்தானே. எனக்குள்ளேயே இருக்கிறது.

டாரல் ஐஸ்கிரீம் வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நல்ல பையன்தான். அதுதான் கஷ்டம். "இதுல என்ன பிரச்சினை, கீ? எப்படியும் ஒரு பார்ட்டி வச்சிரலாமே. கேக் நான் வாங்கறேன்."

எனக்கு அவன் பேச்சு கொஞ்சம்தான் வரும். அந்தக் கொஞ்சத்தில் இதற்கான சொல் இல்லை. ஐஸ்கிரீம் கையில் உருகியது.

ஜூன் 19

வெர்லிண்டாவிடம் பேசவில்லை. அவளும்.

பின்னால் உட்கார்ந்து ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். யாரை யார் சிரிக்க வைத்தார்கள். என் பாட்டன்வரைக்கும் போனேன், ஒன்றும் விட்டுப்போகவில்லை. வில்லாவிடம் வந்ததும் நின்றுவிடுகிறது. இவளுக்கு மட்டும் ஓட்டை.

ஒன்று மட்டும் தோன்றியது. முதல் சிரிப்பை நான் இழந்தேன், சரி. பெற்றவளும்தானே இழந்தாள்? அவளுக்கு ஒரு படம்தான் வந்தது. இதை அவளிடம் சொல்லலாமா? வாய் வரவில்லை. இன்னும் கோபம் இருக்கிறது.

ஜூன் 21

வண்டி வளைவில் திரும்பும்போதே புகை தெரிந்தது. வில்சன் சொன்னபடி ஊரையே கூப்பிட்டிருக்கிறான். என் அக்கா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். லாரிகள், நாய்கள், எங்கும் கறி வாசனை.

சொல்லிவிடுவது என்றுதான் இறங்கினேன். விருந்து இல்லை, கறியைத் தின்றுவிட்டுப் போங்கள். பொய்க்கு உப்பு கொடுக்க மாட்டேன்.

வெர்லிண்டா குழந்தையை மடியில் வைத்துக் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தாள். உப்பு வைக்கிற கூடையை முன்னால் வைத்தார்கள். வில்சன் உரக்கக் கேட்டான்: "யாரு சிரிக்க வச்சதுன்னு வாயால சொல்லணும், அதுதான் முறை! அப்பனா? அவன் மூஞ்சிக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். வெர்லிண்டா தலையை நிமிர்த்தினாள். என்னைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தாள். சொல்லப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் – குழந்தையைக் கூலிக்காரர்களிடம் விட்டுட்டுப் போனேன், யாருன்னு எனக்கே தெரியாது – சொன்னால் என் அக்கா வாயிலிருந்து அது சாகும்வரை இறங்காது.

"நான்தான்" என்றேன். "தும்மினேன்."

உப்புப் பை முடிச்சை நான்தான் அவிழ்த்தேன். குழந்தையின் கையைப் பிடித்து ஒவ்வொருவருக்கும் உப்பு வைத்தேன். நக்கிக்கொண்டு, "நல்ல கை, கொடுக்கிற கை" என்றார்கள். டாரலும் வரிசையில் நின்றான், தொப்பியைக் கழற்றிக்கொண்டு. வில்சன் இரண்டு தரம் வாங்கினான்.

வெர்லிண்டா கடைசியில் வந்தாள். வாங்கும்போது என் விரலை ஒரு கணம் பிடித்தாள்.

எனக்கு இனித்திருக்க வேண்டும். வெறும் உப்பாக இருந்தது.

ஜூன் 22

போய்விட்டார்கள். ஹேஸல் கண்ணாடி வழியே உதட்டைக் குவித்து என் வீட்டைக் காட்டிக்கொண்டே போனாள்.

கிளம்புமுன் மிச்ச உப்பை ஒரு துணியில் முடிந்து வெர்லிண்டா மடியில் போட்டேன். "காப்பகத்துல அந்த நாலு பேருக்கும் குழந்தை கையால குடு."

"அவங்களுக்கு என்னப்பா புரியும்?"

"அவங்களுக்குப் புரிய வேண்டாம்."

ஜூன் 30

மழை இல்லை. பை காலி. வில்சன் காப்பிக்கு வந்தான்.

ஜூலை 8

ரொட்டி, உருளைக்கிழங்கு.

மேட்டில் ஏறினேன். வெர்லிண்டா கொடுத்துவிட்டாளாம். வெளித் தின்பண்டம் உள்ளே கூடாது என்றார்களாம். வாசலில் நின்று கொடுத்திருக்கிறாள். மூன்று பேர் நக்கிப் பார்த்து முகம் சுளித்துச் சிரித்தார்களாம்.

"மூணு பேரா?"

"நாலாவது பொண்ணு போன மாசமே வேலையை விட்டுப் போயிட்டாப்பா. எங்க போனான்னு யாருக்கும் தெரியல. பேரு கேட்டேன், ஓஃபீலியாவோ என்னமோன்னாங்க. பொடிப் பொண்ணாம். தன் சாப்பாட்டையெல்லாம் அடுத்தவங்களுக்கே குடுத்துட்டு நிப்பாளாம். ஒரு சிட்டிகை மிச்சமிருக்கு. என்ன பண்ணட்டும்?"

"வச்சிரு" என்றேன்.

இறங்கி வரும்போது முழங்கால் வலித்தது. சிரிக்க வைத்தது அந்தப் பொடிப் பெண்தான். வேறு யாராக இருக்கும்.